தலையாட்டி பொம்மையும் பேர் தெரியாத பொம்மைக்காரரும்

என் மேசை மேல ஒரு அரக்கு உருண்டை இருக்கு. கொட்டைப்பாக்கு அளவுதான். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம், உள்ள கொஞ்சம் மணல். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் "இது என்ன?"ன்னு எடுத்துப் பார்த்துட்டு வச்சுடுவாங்க. எங்க வீட்டம்மா ரெண்டு தடவை குப்பையில போடப் பாத்தாங்க. நான் விடலை. அந்த உருண்டையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ஒரு அரக்கு உருண்டைக்கு வரலாறான்னு கேக்காதீங்க. கடைசி வரைக்கும் வாங்க, சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் :-)

எனக்கு ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துல. கல்லணைக் கால்வாய்த் தண்ணி பாயுற ஊரு. எங்க பக்கம் அதைப் 'புது ஆறு'ன்னுதான் சொல்வோம். 1934-ல மேட்டூர் அணையோட சேர்ந்து வந்த கால்வாய் அது. தொண்ணூறு வருசம் ஆகியும் 'புது' போகலை. தை அறுவடை முடிஞ்சு களத்துல நெல்லு வந்துட்டா, எங்க ஊர்ப்பக்கம் கையில கொஞ்சம் காசு புழங்கும். அதை மோப்பம் பிடிச்ச மாதிரி குடைராட்டினம், வளையல் கடை, மிட்டாய்க் கடைன்னு ஒவ்வொண்ணா வந்து இறங்கும். பட்டுக்கோட்டை நாடியம்மன் கோயில் திருவிழான்னா அத்தனை பேரும் ஒரே எடத்துல.

அந்தக் கூட்டத்துலதான் அந்தப் பொம்மைக்காரத் தாத்தாவும் வருவார். 1978-ஆம் வருசம், நான் நாலாம் வகுப்பு. காரைக்குடி - திருவாரூர் மீட்டர்கேஜ் வண்டியில ரெண்டு தகரப் பொட்டியோட வந்து இறங்குவார். ஒரு பொட்டியில விக்கிற சாமான். இன்னொரு பொட்டியை விக்க மாட்டார். அதுக்கு முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டுல ஒரு கைப்பிடி. அஞ்சு பைசா குடுத்தா கைப்பிடியைச் சுத்துவார். உள்ள மரத்துல செஞ்ச ஒரு பொம்பளை உலக்கையால நெல்லு குத்துவா. பக்கத்துல ஒரு ஆளு ஏத்தம் இறைப்பான். ஒரு கோழி குனிஞ்சு குனிஞ்சு கொத்தும். எல்லாம் ஒரே சமயத்துல, ஆனா ஒண்ணுக்கொண்ணு வேற வேற தாளத்துல. சுத்துறதை நிறுத்தினா எல்லாரும் அப்படியே நின்னுடுவாங்க. அந்த நொடியில எங்களுக்கு வயித்தைப் பிசையும். செத்துப்போன மாதிரி இருக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

நூல்ல ஆடுற மரப்பாவை நமக்குப் புதுசு இல்லை. திருக்குறள்ல நாணுடைமை அதிகாரத்தோட கடைசிக் குறளை (1020) எடுத்துப் பாருங்க. மனசுல வெக்கம் இல்லாதவங்க நடமாடுறது, மரப்பாவையைக் கயித்தால ஆட்டி உயிர் இருக்குற மாதிரி மயக்குறதைப் போலன்னு சொல்றார் வள்ளுவர். நாண்னா வெக்கம், நாண்னா கயிறு. ரெண்டையும் வச்சு விளையாடியிருக்கார். இந்த உவமை எடுபடணும்னா, கேக்குற ஆளு பாவைக்கூத்தைப் பார்த்திருக்கணும் இல்லையா? கயிறு எங்க இருக்கு, யாரு இழுக்குறாங்கங்கிறது ஊருக்கே தெரிஞ்சிருந்தாத்தான் அந்தக் குறளுக்கு உயிர். அதனால இதை நான் பாவைக்கூத்துக்கு ஒரு சாட்சியாவே எடுத்துக்கிறேன்.

கயிறு இல்லாம தானா இயங்குற பாவைங்க கதைகள்ல நிறைய. கொல்லிமலையில இருந்ததாச் சொல்ற கொல்லிப்பாவை சங்கப் பாட்டுலயே வருது. காவிரிப்பூம்பட்டினத்துல, அதாவது நம்ம ஆறு கடல்ல கலக்குற எடத்துல, பாவை மன்றம்னு ஒண்ணு இருந்ததா சிலப்பதிகாரம் சொல்லுது. அரசன் நீதி தவறினா அந்தப் பாவை வாய் பேசாம கண்ணீர் விடுமாம். மணிமேகலையில தூண்ல இருக்குற கந்திற்பாவை பேசவே செய்யுது. இதெல்லாம் தெய்வக் கணக்கு.

மனுசன் செஞ்ச பொறின்னு பார்த்தா ரெண்டு பெரிய கதை இருக்கு. ஒண்ணு பெருங்கதை. உதயணனைப் பிடிக்கிறதுக்கு உள்ளுக்குள்ள வீரர்களை ஒளிச்சு வச்ச எந்திர யானையை அனுப்புறாங்க. யாழ் வாசிச்சே யானையை அடக்குறவன் உதயணன். நிஜ யானைன்னு நம்பிப் போய் மாட்டிக்கிறான். இன்னொண்ணு திருத்தக்கதேவரோட சீவக சிந்தாமணி. சீவகனோட அப்பா சச்சந்தன், நாட்டை அமைச்சன் கட்டியங்காரன் கையில குடுத்துட்டு ஏமாந்தவன். ஆபத்து வரும்னு தெரிஞ்சதும் கர்ப்பமா இருந்த ராணி விசயையைத் தப்பிக்க வைக்க ஒரு மயிற்பொறி செய்யச் சொல்றான். பொறியை வலப்பக்கம் திருகினா மேல எழும்பும், இடப்பக்கம் திருகினா கீழ இறங்கும். ராணி அதுல பறந்து போய் சுடுகாட்டுல இறங்குறா. சீவகன் அங்கதான் பொறக்குறான்.

இந்த எடத்துல வழக்கமா ரெண்டு கோஷ்டி சண்டை போடும். ஒரு கோஷ்டி "பாத்தியா, தமிழன் ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் வருசம் முன்னாடியே விமானம் விட்டிருக்கான்"னு மார்தட்டும். இன்னொரு கோஷ்டி "போய்யா, எல்லாம் கவிஞன் கப்சா"ன்னு ஒதுக்கித் தள்ளும். எனக்கு ரெண்டு பேரோடவும் ஒத்துப்போகலை.

விமானம் எல்லாம் கிடையாது, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த மயிலைச் செஞ்ச எடத்தைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. எதை வச்சு செஞ்சான்னு திருத்தக்கதேவர் ஒரு பட்டியலே குடுக்குறார். துணி, பிசின், நூல், நல்ல அரக்கு, மெழுகு. இன்னும் வேண்டிய சில்லறை சாமான்கள். ஏழு நாள்ல வேலை முடிஞ்சுது. இதுல எங்கயாவது மாயம் இருக்கா? மந்திரம் இருக்கா? இது அப்படியே ஒரு பொம்மைக்காரனோட கடைச் சாமான் பட்டியல்! ஆகாயத்துல பறக்கிறது கவிஞனோட கற்பனை. ஆனா துணியும் அரக்கும் மெழுகும் அவர் கண்ணால பார்த்தது. எங்கயோ ஒரு திருவிழாவுல, எங்கயோ ஒரு அரண்மனை முற்றத்துல, திருகினா அசையுற பொம்மை செய்யுற ஒரு ஆள் பக்கத்துல அவர் உக்காந்திருக்கார்னு எனக்குத் தோணுது. பாட்டுல அந்த ஆளைத் தூக்கி வச்சுப் புகழ்றார், தேவதச்சன் மயனோன்னு வானத்துல இருக்கிறவங்களே சந்தேகப்படுவாங்களாம். பேரை மட்டும் சொல்லலை.

வடக்க போஜராஜன்னு ஒரு ராஜா, 11-ஆம் நூற்றாண்டு, மாளவ தேசம். அவர் பேர்ல 'சமராங்கண சூத்ரதாரா'ன்னு ஒரு கட்டடக்கலை நூல் இருக்கு. அதுல ஒரு அத்தியாயம் முழுக்க எந்திரங்கள்தான். ஆடுற பாவை, வாசல் காக்குற மரக் காவலாளி எல்லாம் வருது. ஆனா எப்படிச் செய்யணும்னு முழுசாச் சொல்லலை. 'தெரியாததால இல்லை, ரகசியமா இருக்கணும்னுதான் சொல்லலை'ன்னு அவரே காரணமும் குடுத்துடுறார். நம்ம ஊர் வித்தைகளோட சோகமே இந்த ரெண்டு வரியில இருக்கு. எழுதத் தெரிஞ்சவர் சொல்ல மாட்டேங்குறார். செய்யத் தெரிஞ்சவரோட பேரையே எவனும் எழுதலை.

இப்ப நம்ம தஞ்சாவூருக்கு வாங்க.

1676-ல ஏகோஜி தஞ்சாவூரைப் பிடிச்சதுல ஆரம்பிச்சு 1855 வரைக்கும் மராட்டியர் ஆட்சி. பாவை ஆட்டுறவங்களுக்கு அந்தக் காலம் முக்கியமானது. தமிழ்நாட்டுல தோல்பாவைக்கூத்து நடத்துற குடும்பங்கள் வீட்டுல இன்னிக்கும் மராத்தி பேசுறவங்க. மராட்டியர் காலத்துல தஞ்சாவூர்ப் பக்கம் வந்து, அப்புறம் தெற்க மதுரை, கன்னியாகுமரி வரைக்கும் பரவினவங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. மாட்டு வண்டியில குடும்பத்தோட ஊர் ஊராப் போய், கிடைச்ச எடத்துல கொட்டாய் போட்டு, பத்து ராத்திரி ராமாயணம் நடத்துறது. மழை பெய்யலைன்னா ஊர்க்காரங்களே கூப்பிட்டு கூத்து போடச் சொல்ற நம்பிக்கையும் இருந்துச்சு.

மரப்பாவை பொம்மலாட்டத்துக்குக் கும்பகோணம் பேர் போனது. கும்பகோணம் மணி ஐயர் குழுன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். நம்ம பொம்மலாட்டத்துல ஒரு விசேஷம் என்னன்னா, கயிறும் கம்பியும் ரெண்டும் உண்டு. இந்தியாவுல பாரம்பரியமா ஆட்டுற கயித்துப் பாவைகள்லயே பெரிசு, கனமானது நம்மளுதுதான். நாலரை அடி உசரம், பத்து கிலோ வரைக்கும் இருக்கும். அதனால கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்துலதான் செதுக்குவாங்க. பத்து கிலோவைக் கையில தூக்கிட்டு ராத்திரி முழுக்க ஆட முடியுமா? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க பாருங்க. துணி சுத்தின ஒரு இரும்பு வளையத்தைக் கிரீடம் மாதிரி ஆட்டுறவர் தன் தலையில மாட்டிக்குவார். பாவையைத் தாங்குற கயிறெல்லாம் அந்த வளையத்துல கட்டியிருக்கும். பாரம் தலைக்கு, ரெண்டு கையும் காலி. அந்தக் கையால கம்பியைப் பிடிச்சு பாவையோட கையை ஆட்டலாம். ஆட்டுறவர் தலையை அசைச்சா பாவை உடம்பை அசைக்கும். தன் கால்ல சலங்கை கட்டிக்கிட்டு அவர் திரைக்குப் பின்னாடி ஆட, பாவை ஆடுற சத்தமாவே அது நமக்குக் கேக்கும்.

யோசிச்சா இது பெரிய பொறியியல். இதுல இருக்குற ஒரே எந்திரம் மனுசனோட கழுத்து. முதல்ல விநாயகர் பூசை, அப்புறம் கோமாளி, அமானாட்டம், பூச்செண்டாட்டம், அதுக்கப்புறம்தான் கதை. அத்தனை நேரமும் பத்து கிலோ தலையில. கைதட்டு வாங்குறது அரிச்சந்திரன், கழுத்து வலி ஆட்டுறவருக்கு.

இதுக்கு நேர் எதிர் நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. இதுக்கு ஆட்டுறவரே வேணாம்! இதுல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, எப்படித் தள்ளினாலும் எழுந்து உக்காருற ராஜா ராணி. அடிப்பாகம் கிண்ணம் மாதிரி வளைவா, கனமா இருக்கும். மேல காகிதக்கூழ், லேசு. பாரம் எல்லாம் கீழ இருக்குறதால சாய்ச்சா நிமிர்ந்துக்கும். இன்னொண்ணு ஆட்டக்காரி. பாவாடை தனி, இடுப்புக்கு மேல தனி, தலை தனி. ஒவ்வொண்ணும் ஒரு குறுக்குக் கம்பியில தொத்திக்கிட்டு நிக்கும். தலையைக் கழட்டிப் பாத்தா கழுத்துக்குக் கீழ ஒரு தண்டு, தண்டோட நுனியில ஒரு குண்டு. கடிகாரத்துப் பெண்டுலத்தைத் தலைகீழா மறைச்சு வச்ச மாதிரி. லேசாத் தட்டினா குண்டு உள்ள ஊசலாடும், வெளிய தலை ஆடும். காகிதக்கூழ், களிமண், இப்ப பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கொஞ்சம் வர்ணம். அவ்வளவுதான். 2008-09-ல இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. 'தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டாதே'ன்னு ஆமாஞ்சாமிகளைத் திட்டுறோம். பாவம், கீழ தள்ளினா எழுந்து நிக்கிறதும் அதே தஞ்சாவூர் பொம்மைதாங்கிறதை மறந்துடுறோம்.

காவிரிக்கும் எந்திரப் பொம்மைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. மேல ஸ்ரீரங்கப்பட்டணத்துல, அதே ஆத்துத் தீவுல, திப்பு சுல்தான்கிட்ட ஒரு மரப்புலி இருந்துச்சு. ஒரு வெள்ளைக்காரன் மேல ஏறி உக்காந்து கடிக்கிற மாதிரி. கிட்டத்தட்ட நிஜ அளவு. கைப்பிடியைச் சுத்தினா அந்த ஆளோட கை மேல கீழ ஆடும், அலறல் சத்தமும் உறுமலும் கேக்கும். புலியோட வயித்துக்குள்ள ஒரு ஆர்கன் பெட்டி வேற. 1799-ல கோட்டை விழுந்ததும் அதைத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. எல்லாரும் அதைத் 'திப்புவின் புலி'ன்னு சொல்றோம். கைப்பிடிக்கும் கைக்கும் நடுவுல இணைப்பு குடுத்து, துருத்தி வச்சு அலற வச்ச தச்சன் யாரு? அவன் புலின்னு எவனும் சொல்லலை.

வெள்ளைக்காரங்க ஊர்ல மட்டும் செஞ்சவன் பேரு இருக்குமேன்னு தேடினேன். இருக்கு. யோகான் மெல்சல்னு ஒருத்தர். 1772-ல ஜெர்மனியில ரேகன்ஸ்பர்க் ஊர்ல பொறந்தவர், அப்பா ஆர்கன் செய்யுறவர். இவர் ஒரு முழு வாத்திய கோஷ்டியையே எந்திரமாச் செஞ்சு ஊர் ஊராக் காட்டினார். அதுக்காகவே பீத்தோவன் 1813-ல இசை எழுதினார். அப்புறம் ரெண்டு பேருக்கும் கேஸு, தகராறு. பாட்டு கத்துக்கிறவங்க தாளத்துக்கு வச்சுக்கிற மெட்ரோனோம் கருவிக்கு 1815-ல உரிமை வாங்கினதும் இவர்தான். ஆனா அதோட அடிப்படை யோசனை ஆம்ஸ்டர்டாம்ல இருந்த விங்கிள்ங்கிறவரோடது. அங்கயும் அதே கதைதான் பாருங்க!

இவர்கிட்ட இருந்த பெரிய வித்தை 'துருக்கியன்'. சதுரங்கம் ஆடுற பொம்மை. 1770-ல கெம்பலன்கிறவர் வியன்னா அரண்மனைக்காகச் செஞ்சது. அவர் செத்த பிறகு மெல்சல் வாங்கினார். 1809-ல நெப்போலியனே இதோட ஆடினார். 1826-ல அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். எட்கர் ஆலன் போ 1836-ல 'இது எந்திரம் இல்லை, உள்ள ஆள் இருக்கான்'னு கட்டுரையே எழுதினார். நிஜம்தான். பெட்டிக்குள்ள ஒரு சதுரங்க வித்தகர் மடங்கி உக்காந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஆடிக்கிட்டு இருந்தார். கடைசியா உள்ள இருந்தவர் பேரு ஷ்லம்பர்கர். 1838-ல ஹவானாவுல மஞ்சக்காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டார். அவர் இல்லாம மெல்சலால ஒண்ணும் பண்ண முடியலை. அதே வருசம் ஜூலையில திரும்பி வர்ற கப்பல்ல அவரும் செத்து, கடல்லயே போட்டுட்டாங்க. துருக்கியன் 1854-ல பிலடெல்பியாவுல தீயில எரிஞ்சு போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு வேற ஒரு கணக்கு ஓடுச்சு. உலகமே வியந்த 'எந்திரம்' பெட்டிக்குள்ள ஆளை ஒளிச்சு வச்சது. கும்பகோணத்துப் பாவை திரைக்குப் பின்னாடி ஆளை ஒளிச்சு வச்சது. ஆனா நாலணாவுக்கு வித்த தஞ்சாவூர் பொம்மைக்குள்ள மட்டும் யாரும் கிடையாது. பூமி இழுக்குது, அது ஆடுது. ஏமாத்து வேலையே இல்லாத எந்திரம் அதுதான்.

இனி என் கதையோட மீதி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தினேன்.

அந்த 1978 திருவிழாவுல அப்பாகிட்ட அழுது அடம்பிடிச்சு ஒரு ஆட்டக்காரி பொம்மை வாங்கினேன். வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே எனக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். தலையைத் திருகி இழுத்தேன். குறுக்குக் கம்பி பிச்சுக்கிச்சு, தண்டு ஒடிஞ்சு குண்டு எங்கயோ உருண்டு போச்சு. காலையில தலை நிக்கலை. அப்பா கேட்டார். "அவர் குடுத்ததே அப்படித்தாம்ப்பா"ன்னு சொல்லிட்டேன்.

அப்பா கோவக்காரர். என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நேரா கடைக்குப் போனார். அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி "புள்ளைங்கள ஏமாத்துற பொழைப்பு ஒரு பொழைப்பா?"ன்னு சத்தம் போட்டார். தாத்தா பொம்மையை வாங்கிப் பார்த்தார். ஒடிஞ்ச தண்டைப் பார்த்தார். புதுசா வளைஞ்ச கம்பியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் அவருக்குத் தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு.

"நம்ம தப்புதாங்கய்யா. இந்தா, செஞ்சு குடுத்துடுறேன்"னார். கரி அடுப்புல அரக்கைக் காட்டி இளக்கி, மணலைச் சேர்த்து உருட்டி, புதுத் தண்டு நுனியில வச்சு, பெருவிரலைத் தண்ணியில நனைச்சு ஒரு அழுத்து அழுத்தினார். கம்பியைக் கோத்து தலையை மாட்டித் தட்டினார். முன்னைவிட நல்லா ஆடுச்சு. அப்பாவுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. காசு குடுக்கப் போனார். தாத்தா வாங்கலை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு தனியாப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். வாய் வரலை. கண்ணாடிப் பொட்டியையே பாத்துக்கிட்டு நின்னேன். அவரே கூப்பிட்டார். பொட்டியோட பின்பலகையைக் கழட்டிக் காட்டினார். உள்ள ஒரே ஒரு நீளமான அச்சு. அதுல அங்கங்க ஆணியும் முட்டை வடிவக் கட்டைகளும். அச்சு சுத்தும்போது ஒரு ஆணி உலக்கையைத் தூக்கி விடும், இன்னொரு கட்டை ஏத்தக்காரனை அமுக்கும், மூணு சின்ன ஆணி கோழியை மூணு தடவை கொத்த வைக்கும்.

"எல்லாம் ஒரே அச்சுதான் தம்பி. ஆணி எங்க அடிக்கிறோம்கிறதுதான் வித்தை"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உள்ள பாக்கணும்னா கேக்கணும் தம்பி. கேட்டா காட்டுவேன். எதுக்கு உடைக்கிறது?"ன்னார். அவ்வளவுதான். அப்பாகிட்ட நான் சொன்ன பொய்யைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. போஜராஜன் சொல்ல மாட்டேன்னதை இந்தத் தாத்தா பொய் சொன்ன ஒரு பயலுக்குக் காசு வாங்காம காட்டினார்.

"மழைக்காலத்துல என்ன தாத்தா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "அப்ப பொம்மை காயாது தம்பி, வயிறுதான் காயும்"னு சிரிச்சார். எனக்கு அன்னிக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில காகிதக்கூழ் காயாது, திருவிழாவும் கிடையாது, கடனை வாங்கித் தை வரைக்கும் ஓட்டணும்னு புரிய எனக்கு முப்பது வருசம் ஆச்சு.

அவர் பேரைக் கேக்கலை. எந்த ஊருன்னு கேக்கலை. அடுத்த வருசம் எட்டணாவைச் சேத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அவர் வரலை. அதுக்கு அடுத்த வருசமும் வரலை. அப்பாகிட்ட உண்மையைச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான். அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த ஆளு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா"ன்னார். சொல்லியிருந்தா அப்பா என் தோலை உரிச்சிருப்பார். அது தாத்தாவுக்குத் தெரியும்.

பொம்மை நாப்பது வருசம் பரண்ல இருந்துச்சு. 2018 நவம்பர் 16 ராத்திரி கஜா புயல் வந்தது எங்க பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது. தென்னை மரமெல்லாம் வரிசையாப் படுத்துடுச்சு. எங்க வீட்டு ஓடு பாதி பறந்து, பரண்ல மழை கொட்டுச்சு. நாலு நாள் கழிச்சு ஏறிப் பார்த்தா, ஆட்டக்காரி இருந்த எடத்துல வெறும் கூழு. வர்ணம் கரைஞ்சு பலகை எல்லாம் சிவப்பு. அதுக்கு நடுவுல கரையாம இருந்தது இந்த அரக்கு உருண்டை மட்டும்தான்.

வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா ஒரு பக்கம் பள்ளம். பெருவிரல் அழுத்தின பள்ளம். ரேகை அப்படியே இருக்கு.

சிந்தாமணியில அரக்கும் மெழுகும்னு வர்ற பட்டியலை நான் படிச்சது அதுக்குப் பிறகுதான். படிச்சதும் எழுந்து வந்து இந்த உருண்டையைக் கையில வச்சுக்கிட்டேன். ஆயிரம் வருசம் முன்னாடி அந்த மயிலைச் செஞ்ச ஆளுக்கும் பேர் இல்லை, இதைச் செஞ்சவருக்கும் பேர் இல்லை. சரக்கு மட்டும் அதேதான்.

நண்பர்களே, பெரிய வேண்டுகோள் எல்லாம் ஒண்ணும் இல்லை. உங்க ஊர்ப்பக்கம் பாவை ஆட்டினவரோ, பொம்மை செஞ்சவரோ, திருவிழாவுல கைப்பிடி சுத்திக் காட்டினவரோ இன்னும் யாராவது இருந்தா போய்ப் பாருங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் சொல்லுவாங்க. பேரு என்ன, எந்த ஊருன்னு கேளுங்க. அவங்க சம்மதிச்சா எங்கயாவது எழுதி வைங்க. நான் கேக்காம விட்டதைச் சொல்லிட்டேன். நீங்களாவது கேட்டுடுங்க.

டிஸ்கி: உருண்டையை இப்ப ஒரு சின்ன கண்ணாடி டப்பாவுல போட்டு மூடி வச்சுட்டேன். வீட்டம்மாவுக்கு இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டியாச்சு. இனிமே குப்பைக்குப் போகாது :-)